கோசாபாவை எழுதுவது எப்படி: வங்கக் கிராமப்புற வட்டாரம் ஒன்றின் விவரக்கட்டுரைக்கு வழிகாட்டி

மேற்கு வங்கத்தின் கிராமப்புற உள்ளாட்சிப் பகுதி ஒன்றைப் பற்றித் தமிழில் எழுத முற்படுபவர், மக்கள்தொகைப் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே, தாம் எழுதப்போகும் பெயர் எதைக் குறிக்கிறது என்பதை முடிவுசெய்துகொள்ள வேண்டும். சுந்தரவனக் கழிமுகத்தில், தெற்கு 24 பர்கனா மாவட்டத்தின் கேனிங் உட்கோட்டத்தில் உள்ள கோசாபாவை எடுத்துக்கொள்வோம். அது ஒரு வளர்ச்சி வட்டாரத்தின் பெயர். அந்த வட்டாரத்திலுள்ள 14 கிராம பஞ்சாயத்துகளுள் ஒன்றின் பெயர். சந்தையும் படகுத்துறையும் கொண்ட ஓர் ஊரின் பெயர். அவ்வூர் அமைந்த தீவின் பெயர். ஒரு காவல் நிலையத்தின் பெயர். ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயரும் அதுவே. இந்த எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவதில்லை. தொகுதிக்குள் அண்டையிலுள்ள பாசந்தி வட்டாரத்தின் பஞ்சாயத்துகள் சிலவும் அடங்குகின்றன என்பதால், வாக்காளர் எண்ணிக்கையை வட்டார மக்கள்தொகைக்கு அருகில் வைத்துக் கணக்குப்போட்டால் விடை தவறாகத்தான் வரும். எனவே கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே எந்த எல்லையைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, கடைசிவரை அதை மாற்றாதிருங்கள்.

அடுத்தது சொல் தேர்வு. கிராம பஞ்சாயத்து என்பதை ‘ஊராட்சி’ என்று மொழிபெயர்த்தால் நம் வாசகர் ஓரிரு ஊர்களை மனத்தில் கொள்வார். வங்கத்தில் அது பெரும்பாலும் பல கிராமங்களை உள்ளடக்கியது. 2011 கணக்கெடுப்பில் கோசாபா வட்டாரத்தின் மக்கள்தொகை 2,46,598. அதை 14ஆல் வகுத்தால் ஒரு பஞ்சாயத்துக்குச் சராசரியாக 17,600 பேர் வருகின்றனர். ஆகவே வங்கச் சொல்லையே வைத்துக்கொண்டு ஒருமுறை விளக்கிவிடுவது மேல். அதற்கு மேலே வட்டார அளவில் பஞ்சாயத்து சமிதியும் மாவட்ட அளவில் ஜில்லா பரிஷத்தும் உள்ளன. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1978இல் தேர்தல் நடத்தி அமைக்கப்பட்ட மூன்றடுக்கு இது. அடியில், கிராம பஞ்சாயத்தின் ஒவ்வொரு உறுப்பினர் தொகுதியிலும் வாக்காளர்கள் அனைவரும் கூடும் கிராம சன்சத் என்ற அவை இருக்கிறது. நேரில் செல்ல வாய்ப்புள்ளவர்கள், அது வழக்கமாகக் கூடும் மே அல்லது நவம்பர் மாதத்தில் செல்வது நல்லது. எந்தக் கரை உடைந்தது, எந்தக் குழாய்க்கிணற்றில் உப்புநீர் வருகிறது என்பவற்றை அங்கே ஒரு பகலில் கேட்டுவிடலாம். வருவாய்க் கிராமமான மௌஜாவுக்கு அதன் ஜே.எல். எண்ணையும் (நிலப்பதிவேட்டில் ஒவ்வொரு மௌஜாவுக்கும் தரப்பட்ட வரிசை எண்) சேர்த்து எழுதினால், ஒரே பெயருள்ள ஊர்கள் குழம்பாமல் இருக்கும்.

எண்களுக்கு மாவட்ட மக்கள்தொகைக் கையேடு போதுமானது. 2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், எந்த எண்ணை எடுத்தாலும் ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள்.

கடினமான பகுதி சமூகங்களைப் பற்றியது. ஐந்தில் மூன்று பேருக்கு மேல் பட்டியல் சாதியினர், ஏறத்தாழ பத்தில் ஒருவர் பழங்குடியினர் என்று கையேடு சொல்லும். அதை அப்படியே நகலெடுத்து நிறுத்திவிடும் கட்டுரைகளே அதிகம். இங்குள்ள யாரும் தம்மைப் ‘பட்டியல் சாதி’ என்று அறிமுகம் செய்துகொள்வதில்லை; பௌண்ட்ர க்ஷத்திரியர், நாமசூத்திரர் என்றே சொல்வார்கள். பழங்குடிகளில் முண்டா, ஒராவோன், பூமிஜ், சந்தால் மக்கள் இருக்கிறார்கள். சதுப்புக்காட்டை வெட்டித் திருத்துவதற்காகச் சோட்டாநாக்பூர் பீடபூமியிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஆக, சமூகங்களின் பட்டியலைச் சாதி வரிசையில் தருவதைவிட, யார் எப்போது இந்தத் தீவுகளுக்கு வந்தார்கள் என்ற வரிசையில் தருவதே பொருத்தமானது. ஸ்காட்லாந்துக்காரரான டேனியல் ஹாமில்டன் 1903இல் கோசாபா, ராங்காபேலியா, சாத்ஜேலியா நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டுறவுக் குடியேற்றம் ஒன்றைத் தொடங்கினார். மேதினிபூரிலிருந்தும் குல்னாவிலிருந்தும் உழவர்கள் வந்தார்கள். 1947க்குப் பின் எல்லை கடந்து அகதிகள் வந்தார்கள். மத்திய இந்தியக் காட்டுப் பகுதியான தண்டகாரண்யத்தில் குடியமர்த்தப்பட்டு 1978இல் அங்கிருந்து திரும்பிய அகதிகள், இவ்வட்டாரத்தின் குமீர்மாரிக்கு எதிரேயுள்ள மரிச்ஜாப்பி தீவில் குடியேறி, மறு ஆண்டே அரசால் வன்முறையாக அகற்றப்பட்டதைச் சொல்லாத வரலாற்றுப் பகுதி முழுமையானதாகாது. ஹாமில்டன் 1936இல் தம் பண்ணைக்கென வெளியிட்ட ஒரு ரூபாய்த் தாளையும், 1932இல் தாகூர் வந்துசென்றதையும் சுற்றுலாக் கட்டுரைகள் போதுமான அளவு எழுதிவிட்டன. ஆளுக்கு ஒரு வரி கொடுத்தால் தகும்.

குடும்பப் பெயரைப் பார்த்துச் சமூகத்தை ஊகிக்க வேண்டாம். மண்டல் என்பவர் இந்துவாகவும் இருப்பார், முஸ்லிமாகவும் இருப்பார். சர்தார் என்பவர் இவ்விரண்டோடு பழங்குடியாகவும் இருக்கலாம். வழிபாட்டிலும் கோடு இப்படித்தான் கலங்குகிறது. காட்டுக்குள் போகுமுன் மீனவரும், மௌலே எனப்படும் தேனெடுப்போரும் மதவேறுபாடின்றிக் காட்டின் காவல் தெய்வமான வனபீபியை வணங்குகிறார்கள். அவள் கதையைச் சொல்லும் பழைய அச்சுப் பிரதிகள் வங்காள மொழியில் இருந்தாலும், அரபு நூலைப் போல வலப்புறத்திலிருந்து புரட்டும்படி கட்டப்பட்டிருக்கும். ‘மதம்’ என்ற தலைப்பில் சதவீதங்களை மட்டும் தருகிறவர் இதைத் தவறவிடுவார்.

தொழில் பகுதியிலும் கையேட்டை அரைநம்பிக்கையோடு பயன்படுத்துங்கள். உழவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், பிற தொழில் என்ற நான்கே கட்டங்களில் மீனும் நண்டும் தேனும் ‘பிற’ என்பதற்குள் மறைந்துவிடுகின்றன. இடுப்பளவு ஆற்றுநீரில் நீல வலையை இழுத்துச் செல்லும் பெண், கரையேறி வெள்ளைத் தட்டில் சேற்றையும் பிற குஞ்சுகளையும் ஒதுக்கி, ஊசி நூல் போன்ற இறால் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். அந்த உழைப்புக்கெனத் தனிக் கட்டம் கிடையாது. எனவே எண்களுக்குப் பின், மாதவாரியாகத் தொழிலைச் சொல்லும் ஒரு பத்தி தேவை: மழையை நம்பிய ஆமன் நெல், கோடையில் வனத்துறை அனுமதியுடன் தேனெடுப்பு, ஆண்டின் பெரும்பகுதியில் நண்டும் மீனும்.

புவியியலைக் கரையிலிருந்து தொடங்குங்கள். பெருக்கு வேளையில் அணைக்கரைமேல் நின்றால், ஒருபுறம் ஆற்றுநீர் மறுபுறத்து நெல்வயலைவிட உயரமாக நிற்பதைக் காணலாம். வண்டல் படிந்து நிலம் உயர்வதற்கு முன்பே கரைகட்டிக் குடியேறியதால், தீவின் உட்பகுதி தாழ்ந்தே நின்றுவிட்டது. இதைச் சொல்லிவிட்டால், 2009 மே 25இல் வந்த ஆய்லா புயலில் உடைந்த கரைகள் வழியே உப்புநீர் புகுந்து வயல்களைக் கெடுத்ததும், அதன்பின் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கூலிவேலைக்குச் சென்றோர் பெருகியதும் தனித்தனிச் செய்திகளாக நிற்காமல் ஒரே தொடராகும். 2020 மே 20இல் வந்த ஆம்பானையும் 2021 மே 26இல் வந்த யாசையும் அதே பத்தியில் சேருங்கள். போக்குவரத்துக்கு அதிகம் வேண்டாம்: கேனிங் வரை ரயில், கோட்காலித் துறை வரை சாலை, அதற்கப்பால் இயந்திர ஒலியாலேயே பெயர்பெற்ற போட்போட்டிப் படகு.

இறுதியாக, ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்துகளைப் பார்த்துத் தமிழாக்காமல் வங்க எழுத்தைப் பார்த்து எழுதுங்கள். ‘குமீர்’ என்றால் முதலை, ‘கால்’ என்றால் ஓடை என்று தெரிந்தால், குமீர்மாரி, பாட்டான்காலி, கச்சுகாலி ஆகிய பெயர்களைப் பிழையின்றி எழுதுவது எளிது. வெளியிடும் முன் 14 பஞ்சாயத்துப் பெயர்களையும் வங்காளி ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கும் இடங்களில் எழுத்தைத் திருத்திக்கொள்ளலாம்.