சொந்தத்தில் பெண் கொடுக்கும்போது நிலக்கணக்கை எழுதி வைக்கும் முறை

குடியாத்தம், பரதராமி தாண்டிச் சித்தூர்ப் பக்கம் வரைக்கும் அக்கா மகளையோ அத்தை மகனையோ கட்டுவது இன்றும் உண்டு. தெலுங்குக்காரர்கள் மேனரிகம் என்பார்கள். நிலம் வெளியே போகாது, சீர் குறையும். கணக்கு சரிதான், "நம்ம வீட்டுக்குள்ளதானே" என்று எழுதாமல் விடும்போதுதான் கெடுகிறது.

முதலில் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எடுங்கள். ஆந்திர நிலமானால் 1பி (நில உரிமைப் பதிவு), அடங்கல் (சாகுபடிப் பதிவு), ஈ.சி. (வில்லங்கச் சான்று). தாத்தா உயில் எழுதாமல் இறந்து பட்டா இன்னும் அவர் பெயரில் நின்றால் அத்தைக்கும் அதில் பங்கு உண்டு. அவர் மகனுக்கே பெண் கொடுத்துவிட்டதால் அந்தப் பங்கு தீர்ந்துவிடாது. அத்தை தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுக்க வேண்டும். தாத்தா உயிரோடிருந்து, நிலம் அவர் சுயசம்பாத்தியமானால், "பங்கு வேண்டாம்" என்று இப்போதே எழுதி வாங்கும் பேப்பர் செல்லாது.

நிலம் கொடுப்பதானால் மாப்பிள்ளை பெயரில் வேண்டாம், மகள் பெயருக்கே செட்டில்மென்ட் (குடும்பத்துக்குள் விலை வாங்காமல் எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2023 ஜூலை முதல் குடும்பத்துக்குள் முத்திரைத்தாள் 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. ஆந்திர நிலத்துக்கு அந்த ஊர் சார்பதிவாளரிடம் தனிப் பத்திரம். ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: இந்து வாரிசுச் சட்டப்படி, பிள்ளையில்லாத மகள் உயில் எழுதாமல் இறந்தால், அப்பாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்து அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும், செட்டில்மென்ட்டில் வந்தது கணவன் பக்கம் போய்விடும்.

சர்வே எண்ணும் சென்ட் கணக்கும் மட்டும் எழுதினால் போதாது. "தென்கிழக்குக் கிணற்றில் நாலில் ஒரு பாகம், மோட்டார் மின் சர்வீஸ் எண் இன்னது, வாரத்தில் இத்தனை நாள் தண்ணீர், வண்டிப் பாதை 10 அடி" என்று பத்திரத்தில் வர வேண்டும். நம் பக்கம் விவசாய மின்சாரம் இலவசம். பில் கட்டும் வேலை இல்லாததால் சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. சர்வீஸைத் தன் பெயரில் வைத்திருந்த பெரிய மச்சான் இறந்த பிறகு அவர் பிள்ளைகள் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போடும்போதுதான் தெரியும்.

நகையைக் கல் எடை கழித்துச் சவரனில் எழுதி, பில்லோடு பெண்ணிடமே கொடுங்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வீடுகளில், "அவங்க 20 போட்டாங்க, நாமும் 20" என்று இரண்டையும் கழித்துவிடுவார்கள். அதைச் செய்ய வேண்டாம். ஒரு ஜோடி பிரிந்தால் மற்ற ஜோடியின் நகையும் பஞ்சாயத்துக்கு வரும்.

சம்பந்திக்குக் கைமாற்று கொடுத்தால் புரோநோட் வாங்குங்கள். 3 வருடத்துக்குள் கொஞ்சமாவது வரவு வைத்து, அதன் பின்புறத்தில் அவர் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ தர வேண்டும், இல்லையென்றால் 3 வருடத்தில் காலாவதி.