செம்பனைத் தோட்டத்து வீட்டில் செயற்கைக்கோள் இணையம்: அளவான டேட்டாவை மாதம் முழுவதும் கொண்டுசெல்வது எப்படி?

சிங்கப்பூரில், ஈசூனில் உள்ள எங்கள் வீட்டிற்கு ஃபைபர் இணைப்பு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மாதத்திற்கு எத்தனை ஜிபி செலவாகிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், குளுவாங்கிற்கு அப்பால், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருக்கும் என் பெற்றோரின் நிலைமை வேறு. அங்கே வாசலுக்கு வந்து நின்றால்தான் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்கும். அடைமழை நாளில் அதுவும் இருக்காது. ஆகவே கூரைமேல் டிஷ் பொருத்தி, செயற்கைக்கோள் இணையம் எடுத்துக் கொடுத்தோம். மாதத்திற்கு 50 ஜிபி. அதைத் தாண்டினால் வேகம் குறைக்கப்பட்டுவிடும். வயதான இருவர் மட்டும் இருக்கும் வீட்டிற்கு அது தாராளம் என்று நினைத்தோம். அந்தக் கணக்கு தவறில்லை. ஆனால் முதல் தீபாவளிக்கு நாங்கள் மூன்று குடும்பங்களாகச் சென்று இறங்கினோம். பண்டிகைக்கு முந்தைய இரவே 50 ஜிபியும் தீர்ந்துவிட்டது. பெர்த்தில் இருக்கும் தம்பி மறுநாள் காலை அழைத்தபோது, அவன் முகம் திரையில் பாதி தெரிந்து அப்படியே நின்றுபோயிற்று. புதுப்புடவை கட்டிய அம்மா, கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார்.

எங்களில் எவரும் படம் பார்க்கவில்லை. நாங்கள் கொண்டுபோன ஒன்பது கைப்பேசிகளும் இரண்டு மடிக்கணினிகளும்தான் அந்த டேட்டாவைத் தின்றிருந்தன. வைஃபை என்று கண்டவுடன் அளவில்லாத இணைப்பு என்றே அவை எடுத்துக்கொள்கின்றன. கேட்காமலேயே படங்களை மேகச் சேமிப்பிற்கு (கிளவுட்) ஏற்றுகின்றன, செயலிகளைப் புதுப்பிக்கின்றன. கிராமத்து வீட்டிற்கு இணையம் எடுத்துக் கொடுப்போரும், அங்கே விடுமுறைக்குச் செல்வோரும் முதலில் கட்டுப்படுத்த வேண்டியது மனிதர்களின் ஆசையை அன்று, சாதனங்களின் இந்தப் பழக்கத்தையே.

செயற்கைக்கோள் இணையத்தில் இரண்டு வகை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. முதல் வகையில், நிலநடுக்கோட்டிற்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஓரிடத்தில் நிற்பது போலத் தோன்றும் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் போய் வருகிறது. ஒளியின் வேகத்தில் சென்றாலும் அங்கே ஏறி இறங்க ஏறக்குறைய கால் வினாடி ஆகும். கேள்வி போய்ப் பதில் திரும்புவதற்குள் அரை வினாடிக்கும் மேல் கடந்துவிடும். இரண்டாம் வகையில், ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்தில் கூட்டமாகச் சுற்றும் சிறிய செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பைக் கைமாற்றிக்கொள்கின்றன. தாமதம் மிகக் குறைவு. ஸ்டார்லிங்க் இவ்வகையைச் சேர்ந்தது. மலேசியாவில் அதற்கு 2023 ஜூலையில் உரிமம் வழங்கப்பட்டது. எவ்வகையானாலும், எந்த நாட்டில் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த நாட்டு முகவரியிலேயே பதிவு செய்யுங்கள். சிங்கப்பூரில் இருந்தபடி பணம் கட்டினாலும் கணக்கு அந்த வீட்டின் பெயரில் இருக்கட்டும்.

டிஷ் வைக்கும் இடத்தை அவசரமாகத் தீர்மானிக்கக் கூடாது. ஓரிடத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஒரே திசையில் வானம் திறந்திருந்தால் போதும். மலேசியாவின் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி டிஷ் நோக்கும் மீசாட் செயற்கைக்கோள்கள் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் இருப்பவை. ஜோகூரிலிருந்து பார்த்தால் அவை சற்றே மேற்குச் சாய்ந்து, கிட்டத்தட்ட உச்சியில் நிற்கும். உங்கள் சேவையும் அதே திசையிலிருந்து வருவதானால், வீட்டின் மேற்குப் பக்கத்துத் தென்னையைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும். தாழ்வாகச் சுற்றும் வகைக்கு வானம் எல்லாப் பக்கமும் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். கைப்பேசிக் கேமராவை வானத்தை நோக்கிச் சுழற்றி, மறைக்கும் மரங்களைக் காட்டும் வசதி ஸ்டார்லிங்க் செயலியிலேயே இருக்கிறது. செம்பனை வளர்ந்துகொண்டே போகும் மரம் என்பதையும் மறக்க வேண்டாம். இன்று மட்டையின் நுனி எட்டாத இடத்தை மூன்று ஆண்டுகளில் எட்டிவிடும்.

மழை பெய்தால் ஆஸ்ட்ரோ போய்விடும் என்பது அங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. இணையம் தடைபடுவதற்கும் காரணம் அதுவேதான்: இந்த உயர் அலைவரிசைகளை அடர்ந்த மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்கின்றன. இடி மேகம் கடந்துபோகும் வரை காத்திருப்பதைத் தவிர இதற்கு மாற்று வழி இல்லை. இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், மருத்துவருடன் காணொளி ஆலோசனை, வங்கி வேலை போன்ற தவறக்கூடாதவற்றைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. ஓரிடத்தில் நிற்கும் செயற்கைக்கோளாக இருந்தால், மார்ச், செப்டம்பர் மாதங்களையொட்டிச் சில நாட்கள், சூரியன் அதன் பின்னால் நேர்கோட்டில் வரும்போது சில நிமிடங்கள் இணைப்பு அறுபடும். அது பழுதன்று, பழுதுபார்க்க ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை.

மின்னலைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 168 நாட்கள் இடிமழை பெய்கிறது. கடற்பாலத்திற்கு அப்பால் ஜோகூரிலும் வானம் வேறன்று. இங்கே அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்னல் காப்பு நம்மைப் பாதுகாக்கிறது; தனி வீட்டின் கூரையில் நிற்கும் உலோகத் தாங்கிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தாங்கியை முறையாக நிலத்துடன் இணைக்கச் சொல்லுங்கள். இடி நெருங்கும் முன்பே மின்செருகியைக் கழற்றும் பழக்கத்தைப் பெற்றோருக்கு ஏற்படுத்துங்கள். இடி தலைக்குமேல் வந்தபிறகு ஒயரைத் தொடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி டேட்டா கணக்கிற்கு வருவோம். ஒரே ஒரு வாய்பாட்டை மனத்தில் வைத்தால் போதும்: வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் எதுவும் ஒரு மணி நேரத்தில் 450 எம்பியை எடுத்துக்கொள்ளும். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காகச் சிங்கப்பூரில் உள்ள பிள்ளைகள் வீட்டுக்கூடத்தில் கேமரா பொருத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தக் கேமரா இதே வேகத்தில் இடைவிடாமல் மேகச் சேமிப்பிற்குப் படம் அனுப்பினால், ஒரு நாளைக்கு 10.8 ஜிபி ஆகும்; 50 ஜிபி திட்டம் ஐந்து நாள் தாங்காது. கேமராவிலேயே நினைவக அட்டையைப் போட்டுப் பதிவை அதற்குள் வைத்துக்கொண்டு, அசைவு தெரியும்போது அறிவிப்பு மட்டும் வரும்படி அமையுங்கள். பார்க்க வேண்டும் என்று தோன்றும்போது ஒரு நிமிடம் திறந்து பார்த்தால் போதும்.

கைப்பேசிப் படங்கள் அடுத்த பெரும் செலவு. ஐஃபோனில் வினாடிக்கு 30 படச்சட்டங்களுடன் 4கே தரத்தில் எடுக்கும் காணொளி, நிமிடத்திற்கு ஏறக்குறைய 170 எம்பி இடம் பிடிக்கும். பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்துவதைப் பத்து நிமிடம் எடுத்தால் அது 1.7 ஜிபி, அத்தையும் சித்தப்பாவும் அதே காட்சியைத் தங்கள் கைப்பேசிகளில் எடுத்திருப்பார்கள். அவை அனைத்தும் இரவில் சார்ஜில் கிடக்கும்போது தாமாக மேலே ஏறும். எங்கள் 50 ஜிபியில் பெரும்பங்கு இப்படித்தான் போயிற்று.

ஆகவே உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டும் முன்பு, வீட்டிலேயே செய்துமுடிக்க வேண்டிய வேலைகள் சில உள்ளன. எல்லாச் சாதனங்களையும் முந்தைய இரவே ஃபைபரில் புதுப்பித்துவிடுங்கள். கூகல் மேப்ஸில் ஜோகூர்ப் பகுதியின் வரைபடத்தைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கான காணொளிகளையும், தேசிய நூலக வாரியத்தின் செயலியில் இரவல் பெற்ற தமிழ் மின்னூல்களையும் கைப்பேசியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூகல் ஃபோட்டோஸ், ஐகிளவுட் இரண்டிலும் தானியங்கிப் பதிவேற்றத்தை நிறுத்துங்கள். சிங்கப்பூர் திரும்பியதும் மறவாமல் மீண்டும் இயக்குங்கள், இல்லையேல் கைப்பேசி தொலைந்தால் படங்களும் தொலைந்துபோகும்.

அங்குச் சென்று வைஃபையில் சேர்ந்தவுடன், இது அளவுள்ள இணைப்பு என்பதை ஒவ்வொரு சாதனத்திற்கும் சொல்ல வேண்டும். ஐஃபோனில் அந்த வைஃபை பெயருக்கு அருகில் உள்ள குறியைத் தொட்டால் ‘லோ டேட்டா மோட்’ என்ற தெரிவு வரும். ஆண்ட்ராய்டில் அதே இடத்தில் ‘மீட்டர்ட்’ என்று மாற்றலாம். விண்டோஸில் வைஃபை பண்புகளில் ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ என்ற பொத்தான் இருக்கிறது. இந்த அமைப்பு அந்த ஒரு வைஃபைக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், ஈசூன் திரும்பியதும் இதில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இவ்வளவும் செய்யச் சொல்லி விருந்தினரை வற்புறுத்துவது எளிதன்று. திசைவியில் (ரவுட்டர்) விருந்தினருக்கென்று தனி வைஃபை பெயர் அமைத்து, அதற்கு வேக வரம்பு வைத்துவிடுவதே எனக்குத் தெரிந்த சிறந்த வழி. பெற்றோரின் சாதனங்களுக்கு உரிய கடவுச்சொல்லை உறவினர் எவருக்கும் கொடுப்பதில்லை என்று நாங்கள் முடிவெடுத்தோம், யாரும் வருத்தப்படவில்லை.

பெற்றோரின் கைப்பேசியில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் வாட்ஸ்அப் மட்டுமே. அப்பா பழைய தோட்ட நண்பர்களின் குழுக்கள், கோவில் குழு, சொந்தக்காரர் குழு என்று பலவற்றில் இருக்கிறார். காலை வணக்கப் படங்களும் பக்திப் பாடல் காணொளிகளும் விடிவதற்குள் வந்து குவிந்துவிடும். அவர் திறந்து பார்ப்பது அவற்றில் நான்கைந்துதான். அமைப்புகளில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ என்ற பகுதிக்குச் சென்று, வைஃபையில் இருக்கும்போது தானாக இறங்குபவை என்பதில் காணொளியையும் ஆவணத்தையும் நீக்கினோம். படங்களை மட்டும் விட்டுவைத்தோம். பேரப்பிள்ளைகளின் படத்தைப் பார்க்க அவர் ஒவ்வொரு முறையும் தொட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது எனக்குச் சம்மதமில்லை. யூடியூபில் அடுத்த காணொளி தானாக ஓடுவதை நிறுத்தி, படத்தின் தரத்தை 360பி அளவிற்குக் குறைத்தோம். கைப்பேசித் திரையில் பழைய பாடல் பார்ப்பதற்கு அதுவே போதுமானது.

தொலைவில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் பேசுவதற்குச் சிறிது பழக்கம் வேண்டும். “சாப்பிட்டியா?” என்று அம்மா கேட்பார், பதில் வராததுபோல் தோன்றி மறுபடியும் கேட்பார், அதற்குள் என் பதில் போய்ச் சேர்ந்து, இருவர் குரலும் மோதிக்கொள்ளும். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்து, ‘ஒன்று, இரண்டு’ என்று மனத்திற்குள் எண்ணிவிட்டு மற்றவருக்கு இடம் விடும்படி அம்மாவிடம் சொன்னேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டார். அங்கிருந்தபடி அலுவலகக் கூட்டத்தில் கலந்துகொள்வோரும் இப்படியே செய்யலாம். உங்கள் முறை வரும்போது மட்டும் படத்தைத் திறந்து, மற்ற நேரத்தில் குரலோடு நிறுத்திக்கொண்டால் டேட்டாவும் மிஞ்சும்.

எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைத் திசைவியிலோ சேவையாளரின் செயலியிலோ நாள்தோறும் பாருங்கள். ஐஃபோன் வைஃபை செலவைச் செயலிவாரியாகக் காட்டாது என்பதால் கைப்பேசியை மட்டும் நம்ப இயலாது. உங்கள் மாதக் கணக்கு எந்தத் தேதியில் புதிதாகத் தொடங்குகிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றாம் தேதியாக இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் வீட்டில் இந்த வேலை அப்பாவுடையது. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) முப்பது ஆண்டுகள் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு எழுதியவர் அவர். நீளக் கோடு போட்ட புத்தகத்தில் தேதி, நேற்றைய மிச்சம், இன்றைய மிச்சம், வித்தியாசம் என்று நான்கு பத்தி இழுத்து, காலைக் காப்பிக்கு முன் எழுதிவிடுகிறார். வித்தியாசம் 2 ஜிபியைத் தாண்டிய நாளில் எனக்குத் தொலைபேசி வரும். எந்தச் சாதனம் என்று இங்கிருந்தே திசைவிச் செயலியில் பார்த்துச் சொல்வேன். மாதத்தின் கடைசி 5 ஜிபியைத் தம்பியின் அழைப்புக்கென்று ஒதுக்கி, அந்த வரிக்குமேல் அப்பா சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறார்.