மனநல மருத்துவரை முதன்முறை பார்க்கப் போகிறீர்களா? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள்

தேதி வாங்குவது எப்படி என்று சொல்லப்போவதில்லை. போன் செய்தால் கொடுப்பார்கள். அந்தத் தேதி வருவதற்குள் என்ன செய்வது என்பதைத்தான் சொல்கிறேன்.

நான் போனது ஆகஸ்ட் மாதம், கோத்தகிரியிலிருந்து கோவைக்கு. உள்ளூரில் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். மலைப்பாதையில் குமட்டும் என்பதால் வாந்தி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மேட்டுப்பாளையம் வருவதற்குள் கண் சொருகிவிட்டது. “என்ன பிரச்சினை?” என்றார் டாக்டர். “தூக்கம் வரவில்லை” என்றேன், கொட்டாவி விட்டுக்கொண்டே. “எவ்வளவு நாளாக?” “கொஞ்ச நாளாக.” அதற்குமேல் வாயே திறக்கவில்லை. இரவெல்லாம் ஒத்திகை பார்த்தது போன இடம் தெரியவில்லை.

படி 1: நோட்டு. செல்போனில் எழுதாதீர்கள்; வாசித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது கூப்பிடுவார்கள். மை பேனாவும் வேண்டாம். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் எழுத்து படர்ந்துவிடும். பால்பாயிண்ட் போதும்.

படி 2: எப்போதிலிருந்து? என்னைக் கவிழ்த்தது இதுதான். தேதி யாருக்கும் நினைவிருக்காது, ஊர் நடப்பை வைத்துப் பிடியுங்கள். இரண்டாம் முறை போகுமுன் நான் எழுதியது இப்படி இருந்தது:

ஜனவரி, உறைபனி: விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு.
மார்ச்: தேயிலைக் கொழுந்து விற்ற பணத்தை மூன்று முறை எண்ணினேன், மூன்று தொகை வந்தது.
மே, மலர்க் கண்காட்சி: தங்கை குடும்பத்தோடு வந்தாள். அறையை விட்டு வெளியே வரவில்லை.

எழுதிய பிறகுதான் தெரிந்தது, முதல் நாள் நான் சொன்ன “கொஞ்ச நாள்” ஏழு மாதம்.

பசி, எடை, வேலை, குடி, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்பவற்றுக்கு ஒவ்வொரு வரி. குடியை மறைக்காதீர்கள், அதைப் பொறுத்து மாத்திரையே மாறும். சோர்ந்த நாட்களை மட்டும் எழுதவும் வேண்டாம். தூக்கமே தேவைப்படாமல், காசை வாரி இறைத்துத் துள்ளித் திரிந்த நாட்கள் எப்போதாவது இருந்தால் அதுவும் வேண்டும். இப்படிச் சோர்வும் துள்ளலும் மாறி மாறி வருவது இருதுருவக் கோளாறாக இருக்கலாம்; அது உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நிலைமை துள்ளல் பக்கம் புரண்டுவிடக்கூடும்.

படி 3: மாத்திரைப் பை. சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளும், லேகியமும், பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களும். தைராய்டு குறைந்தாலும் மனம் சோரும் என்பதால் அதைக் கட்டாயம் கேட்பார்கள். பஸ்ஸுக்காகப் போட்ட வாந்தி மாத்திரையையும் சொல்லிவிடுங்கள். அவற்றில் பல தூக்கத்தில் ஆழ்த்துபவை.

படி 4: கேள்விகள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். முக்கியமானது, “மருந்து வேலை செய்ய எத்தனை நாளாகும்?” மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றுக்கு 2 முதல் 4 வாரம் பிடிக்கும். இதைக் கேட்காமல் வந்த நான் ஐந்தாம் நாள் அட்டையைக் குப்பையில் போட்டேன், பிறகு நானே பொறுக்கி எடுத்தேன்.

பின்சேர்க்கை: “மாமியாரும் உள்ளே வருவார், என்ன செய்வது?” என்று குன்னூர் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடமே சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது.

கோவை வரை போகக் காசில்லை என்றவருக்கு: மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். என் பயத்தைப் பின்பற்றாதீர்கள். செத்துவிடலாம் என்று தோன்றினால் தேதி வரும்வரை காத்திருக்கவே கூடாது. 14416, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வாந்தி மாத்திரை இல்லாமல் மலையிறங்குவது எப்படி என்று கேட்டவர்களுக்கு: டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம். கடைசி சீட்டில் உட்கார்ந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.