ஜெர்மன் மொழியின் ‘வல்ட்’: கொங்கு நாட்டார் கையாளும் முறை

கோவையிலும் ஈரோட்டிலும் ஜெர்மன் பயில்வோர், ‘காடு’ என்றதும் ‘வல்ட்’ என்று எழுதிவிடக் கூடாது. ‘காட்டுக்குப் போயிருக்கிறார்’ என்று கொங்கு நாட்டில் சொன்னால், சோளமோ நிலக்கடலையோ விதைத்திருக்கும் மானாவாரி நிலத்திற்குப் போயிருக்கிறார் என்றே பெரும்பாலும் பொருள். அந்த நிலத்திற்கு ஜெர்மனில் ‘ஃபெல்ட்’ என்று பெயர். சத்தியமங்கலத்திலும் ஆனைமலையிலும் நாம் காணும் வனத்திற்கு மட்டுமே ‘வல்ட்’ பொருந்தும்.

‘வல்ட்’, ஜெர்மன் மொழியின் மிகப் பழைய வடிவமான ‘பழைய உயர் ஜெர்மன்’ காலந்தொட்டே வழங்கிவரும் சொல். ஆங்கிலத்தில் இதற்கு இனமான ‘வோல்ட்’, காலப்போக்கில் மரமற்ற திறந்த மேட்டுநிலத்தைக் குறிப்பதாயிற்று. இங்கிலாந்தின் கோட்ஸ்வோல்ட்ஸ் என்ற இடப்பெயரில் இன்றும் அதைக் காணலாம். வனத்தைக் குறித்த சொல் வெட்டவெளிக்கு இடம்பெயர்வது, ‘காடு’ என்பதற்கு இரு பொருளும் அறிந்த நமக்குப் புதிதன்று.

ஒலிக்கும்போது அகரத்தைக் குறிலாகவே நிறுத்தி, மேற்பல் கீழுதட்டைத் தொட வகரத்தைச் சொல்லி, இறுதி மெய்யை நாக்கை மடிக்காமல் வல்லொலியாக முடிக்க வேண்டும். பன்மை ‘வெல்டர்’, அங்கே அதே மெய் மெல்ல அதிர்ந்து ஒலிக்கும், ஈற்று ரகரமோ ஏறக்குறைய அகரமாகிவிடும்.

சொல் ஆண்பால், ஆகவே ‘டேர் வல்ட்’. வனத்திற்குள் இருப்பதைச் சொல்ல ‘இம் வல்ட்’ என்றும், வனத்திற்குள் செல்வதைச் சொல்ல ‘இன் டேன் வல்ட்’ என்றும் எழுத வேண்டும். ‘வனத்தில்’, ‘வனத்துக்கு’ என்று வேற்றுமை உருபை மாற்றிப் பழகிய நமக்கு இது கடினமன்று. தமிழில் வாக்கியத்தை முதலில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் தவறு நேராது.

இச்சொல்லின் வளம் முழுவதும் தொகைச்சொற்களில்தான் இருக்கிறது. வால்பாறை மழைக்காடு ‘ரேகன்வல்ட்’. அகன்ற இலை மரங்கள் நிறைந்தது ‘லௌப்வல்ட்’. ஊசியிலை மரங்களுடையது ‘நாடல்வல்ட்’. தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காடு ‘ஷ்வார்ட்ஸ்வல்ட்’. வனத்தீ ‘வல்ட்பிரண்ட்’, வனக்காற்று ‘வல்ட்லுஃப்ட்’. தொகையின் கடைசிச் சொல்லே பாலைத் தீர்மானிப்பதால் ‘வல்ட்லுஃப்ட்’ பெண்பாலாகிறது. கற்பவர்கள் பெரிதும் இடறுவது இங்கேதான்.

மரம் வளர்த்து, வெட்டி, மீண்டும் நட்டுப் பேணப்படும் வனத்தை ‘ஃபோர்ஸ்ட்’ என்பர். டாப்ஸ்லிப்பின் தேக்குத் தோட்டத்திற்கு இச்சொல்லே தகும். 1864இல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிஸ், பான் நகரில் பிறந்த ஜெர்மானியர். அவரது துறையைப் பற்றி எழுத நேர்ந்தாலும் ‘ஃபோர்ஸ்ட்’ என்றே எழுத வேண்டும்.