தமிழ்நாட்டு நில அமைப்பைப் படிப்பவர்கள் எங்கே வழுக்குகிறார்கள்

போட்டித் தேர்வுக்குத் தயாராகும் அக்கா மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் புவியியல் சொல்லித் தருகிறேன். அவள் செய்யும் பிழைகளில் பாதி, நானும் ஒரு காலத்தில் செய்தவைதான்.

முதல் பிழைக்குப் பெயரே காரணம். மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலை என்று படித்ததும் இரண்டையும் மதில்சுவர் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். மேற்கில் அது ஏறக்குறைய சரி. பாலக்காட்டுக் கணவாய்தான் பெரிய இடைவெளி. கிழக்கிலோ தொடர்ச்சி பெயரில் மட்டும்தான். ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை எல்லாம் துண்டு துண்டாக நிற்கின்றன. அந்த இடைவெளிகளில்தான் பாலாறும் தென்பெண்ணையும் காவிரியும் கடலுக்கு வழி கண்டன.

சிகரக் கேள்வியை முழுசாகப் படியுங்கள். தமிழ்நாட்டில் உயர்ந்தது தொட்டபெட்டா, 2637 மீட்டர். தென்னிந்தியாவில் என்று கேட்டால் ஆனைமுடி, 2695 மீட்டர். அது கேரளத்தில் இருக்கிறது.

சென்னையில் இருக்கும் பரங்கிமலையை எரிமலை என்று சொல்பவர்களும் உண்டு. அது சுற்றியிருந்த பாறை தேய்ந்துபோன பிறகும் நிற்கும் பழைய கடினப் பாறை. அந்தப் பாறை வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகை என்பதால் வந்த பெயர் அது. கல்லறைக் கல்லே இங்கிருந்து போனதாகத்தான் கருதப்படுகிறது. கல் நம்முடையது, பெயர் மட்டும் அங்கிருந்து!

மழையில் இன்னொரு வழுக்கல். தமிழ்நாடு மழை மறைவுப் பகுதி, தென்மேற்குப் பருவமழை கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். சென்னைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான், சரி. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் வால்பாறையிலும் தேவாலாவிலும் ஜூன், ஜூலையில் போய்ப் பாருங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த பிழை மெரினா. இவ்வளவு அகலமான மணல்வெளி இயற்கையாகவே உருவானது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் கடல் புனித ஜார்ஜ் கோட்டைச் சுவரை ஒட்டியே இருந்தது. நம் கரையோரம் ஆண்டு முழுவதற்கும் கூட்டிக் கழித்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் குறுக்கே எழுந்ததும், அந்த மணல் தெற்குப் பக்கம் தேங்கிக் கரை அகன்றது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. அதனால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. அங்கே கொட்டியிருக்கும் பெரிய பெரிய கற்களும் மெரினாவின் மணலும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

அப்புறம் சமவெளி. வரைபடத்தில் கடலோரம் முழுக்க ஒரே பச்சை நிறம். அதைப் பார்த்துவிட்டு நிலம் மேசை மாதிரி தட்டை என்று முடிவு கட்டக்கூடாது. இந்தப் பச்சைக்குள் மணல்மேடும் சதுப்பும் ஏரிப்படுகையும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஓரிரு அடி ஏற்ற இறக்கம்தான் தண்ணீர் எந்தத் தெருவில் நிற்கும் என்று தீர்மானிக்கிறது. 1920களில் தியாகராய நகர் உருவானதே மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான். இதைச் சொல்லாமல் அவளை மேற்கு மாம்பலத்துக்கு அழைத்துப் போனேன். தெருப் பலகையைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "லேக் வியூ ரோடுன்னு போட்டிருக்கு, ஏரி எங்கே சித்தி?"