குளிர் ஊரில் ஆமை வளர்க்க: குழந்தைகளும் நாயும் பூனையும் உள்ள வீட்டுக்கான செய்முறை

மீன் தொட்டிக் கடைகளில் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட குட்டி ஆமைகளை, அதாவது சிவப்புக் காது ஆமைகளை (red-eared slider), பார்த்திருப்பீர்கள். தீப்பெட்டியளவு இருக்கும் அதைப் பிள்ளை ஆசையோடு கேட்டால் வாங்கிக் கொடுக்கத்தான் மனம் வரும். ஆனால் அது ஓர் அடி நீளம்வரை வளரக்கூடியது. நன்றாகப் பராமரித்தால் 20, 30 ஆண்டுகள் வாழும். இன்று கேட்கும் பிள்ளை வேலைக்குப் போன பிறகும் தொட்டியைக் கழுவ வேண்டியவர் நீங்கள்தான். அதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

1. முதலில் வீட்டைப் பாருங்கள்

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையோ, கர்ப்பிணியோ, மிக முதியவரோ, நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ வீட்டில் இருந்தால் இப்போது ஆமை வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நல்ல ஆரோக்கியமான ஆமையின் குடலிலும் சால்மனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அது எச்சத்தோடு வெளியேறித் தண்ணீரிலும் ஓட்டிலும் பரவும். பெரியவர்களுக்கு வயிற்றோட்டத்தோடு போய்விடக்கூடிய அந்த நோய் கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுபிள்ளைகள் குட்டி ஆமையை வாயில் வைத்துவிடுகிறார்கள் என்பதாலேயே அமெரிக்காவில் 4 அங்குலத்துக்கும் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்பதற்கு 1975இல் தடை விதித்தார்கள்.

ஆற்றில் பிடித்த நாட்டு ஆமை, நட்சத்திர ஆமை, தேயிலைச் செடிக்குள் கண்ட ஓணான் எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். நம் இலங்கையின் ஊர்வனவற்றில் பெரும்பாலானவை வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மலைக்காட்டுக் கொம்பு ஓணான் போன்றவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. கடையில் விற்கும் ஆமையைப் பற்றியும் வாங்குமுன் வனசீவராசிகள் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

2. ஆமை வருமுன் தொட்டியைத் தயார் செய்யுங்கள்

10 சென்ரிமீற்றர் ஆமைக்கு 150 லீற்றர் தண்ணீராவது வேண்டும். வளர வளர இன்னும் பெரிய தொட்டி தேவைப்படும். 150 லீற்றர் என்றால் 150 கிலோ. ஆகவே மேசைமீது வைக்காமல் சீமெந்துத் தரையில் வையுங்கள். கண்ணாடித் தொட்டிதான் வேண்டும் என்றில்லை, கனமான பிளாஸ்டிக் தொட்டியும் போதும். ஆமை முழுவதுமாகத் தண்ணீரை விட்டு ஏறி உலர்ந்து படுக்க ஒரு மேடை கட்டாயம் இருக்க வேண்டும். தொட்டியின் இடம் குசினி அல்ல, குழந்தைகள் படுக்கும் காம்பராவும் அல்ல.

3. சூடும் வெளிச்சமும்

நுவரெலியா போன்ற நம் மலையூரில் ஆமை வளர்ப்பதன் உண்மையான சிரமம் இதுதான். கொழும்பில் வளர்ப்பவர் சொல்லும் யோசனை இங்கே உதவாது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். தை மாதத்தில் விடியற்காலையில் புல்லில் உறைபனி தெரியும். ஆமையின் உடலுக்குத் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. தண்ணீர் குளிர்ந்தால் அது சாப்பிடாது, சாப்பிட்டதும் செரிக்காது, பிறகு நெஞ்சில் சளி பிடிக்கும்.

தண்ணீர் 24 முதல் 26 பாகைக்குள் இருக்கட்டும். வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் ஹீற்றர் வாங்குங்கள். குளிர்ந்த வீட்டில் 150 லீற்றருக்கு 300 வாற்றளவு தேவைப்படும். மாத மின்கட்டணத்தில் இது தெரியும், முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். கண்ணாடி ஹீற்றரை ஆமை இடித்து உடைத்துவிடும் என்பதால் அதற்குப் பிளாஸ்டிக் உறை போடுங்கள். மேடைக்கு மேலே சூட்டு விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டு அந்த இடத்தை 30 முதல் 32 பாகைவரை வையுங்கள்.

இன்னொரு விளக்கும் வேண்டும்: புறஊதா பி கதிர் தருவது. அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடலில் கல்சியம் சேராமல் ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுவதால் ஜன்னலோரத்தில் வைப்பது பயன் தராது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துபோகும். பெட்டியில் குறித்த காலத்தில் மாற்றுங்கள். வெயில் அடிக்கும் நாளில் பாதி நிழலுள்ள பாத்திரத்தில் வெளியே வைக்கலாம், பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும். காகம் குட்டி ஆமையைத் தூக்கிவிடும்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிப்பது) இல்லாத பழைய லயத்து வீட்டில் தண்ணீருக்குள் ஹீற்றர் போடாதீர்கள். மின்பணியாளரைக் கொண்டு அதைப் பொருத்திய பிறகே ஆமை. தண்ணீரில் கைவைக்குமுன் ப்ளக்கைக் கழற்றுங்கள். மின்சாரம் நின்ற இரவில் தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தலாம், மேலே காற்றுக்கு வழிவிட்டு.

4. நாய், பூனை, கோழி

தொட்டிக்குக் கம்பி வலை மூடி போட்டுக் கொக்கி மாட்டுங்கள். விளக்கின் சூட்டைத் தேடிப் பூனை வந்து மூடிமேல் படுக்கும். அதனால் விளக்கைச் சங்கிலியால் கூரைச் சட்டத்தில் கட்டுங்கள், மூடிமேல் வைக்காதீர்கள். நாய்க்கு ஆமை ஓடும் எலும்பும் ஒன்றுதான். எவ்வளவு சாதுவான நாயானாலும் இரண்டையும் தனியே விடக் கூடாது. பூனையின் நகம் பட்ட சிறு கீறலும் சீழ் பிடிக்கும். தொட்டித் தண்ணீரை நாயோ கோழியோ குடிக்க விடாதீர்கள், கிருமி அவற்றுக்கும் போகும்.

5. தண்ணீரும் பிள்ளைகளும்

ஆமைக்கென்று ஒரு வாளி, ஒரு தூரிகை, ஒரு குவளை ஒதுக்கி நிறத்தால் அடையாளமிடுங்கள். அவை வேறெதற்கும் போகக் கூடாது. அழுக்குத் தண்ணீரைப் பீலியடியில் ஊற்றவே கூடாது. அங்கே பக்கத்து வீட்டார் பாத்திரம் கழுவுகிறார்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறார்கள். பூச்செடிக்கு ஊற்றுங்கள், பச்சையாகச் சாப்பிடும் சலாதுப் பாத்திக்கு வேண்டாம்.

ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள். வெப்பமானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதட்டும், கரண்டியால் தீனி போடட்டும். விரலால் கொடுத்தால் ஆமை விரலையே கடிக்கும். முத்தம் கொடுப்பது, சட்டைக்குள் வைத்து விளையாடுவது, ஆமையைத் தொட்ட கையோடு பிஸ்கட் தின்பது மூன்றும் கூடாது. தொட்டவர் யாரானாலும் 20 வினாடி சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், பெரியவர்கள் உட்பட. பிள்ளைக்குக் காய்ச்சலோடு வயிற்றோட்டம் வந்தால் வீட்டில் ஆமை இருப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

6. தீனி

குட்டிக்குத் தினமும், பெரியதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆமைத் தீனி. அதோடு சலாது இலை. நம் பக்கத்து மரக்கறிகளுக்கு மருந்து அடிப்பதால் நன்றாக அலசிவிட்டுக் கொடுங்கள். கணவாய் ஓட்டுத் துண்டொன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் கல்சியத்துக்கு உதவும்.

7. நோய் வந்தால், வளர்க்க முடியாமல் போனால்

மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுதல், ஒருபக்கம் சாய்ந்து மிதத்தல், கண் வீக்கம் எதுவானாலும் காத்திருக்காதீர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கால்நடைப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. வளர்க்க முடியாவிட்டால் வேறொரு பொறுப்பான வீடு தேடுங்கள். கிரகரி வாவியிலோ காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ விட்டுவிடாதீர்கள். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

வைத்தியரிடம் பஸ்ஸில் கொண்டுபோகும்போது ஆமையைத் தண்ணீரில் வைக்க வேண்டாம். துளையிட்ட பெட்டியில் ஈரத் துவாய் விரித்து வைத்து, பெட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வெப்பநிலை எழுதிய கொப்பியையும் எடுத்துப் போங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் தண்ணீரின் சூடும் ஒன்றாக இருக்கும்.