.22 ரைஃபிள் சுடுவோர் செவிக்காப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

சென்னையில் .22 ரைஃபிள் பழகத் தொடங்குவோரில் சிலர், துப்பாக்கி முனையில் பொருத்தும் ஒலியடக்கி (சைலன்சர்) வாங்க முடியுமா என்று கேட்பதுண்டு. இந்திய ஆயுத விதிகள் அதைக் கடுமையான கட்டுப்பாட்டில் வைத்திருப்பதால், உரிமம் பெற்ற விளையாட்டு வீரருக்கும் அது எளிதில் கிடைப்பதன்று. ஆகவே சத்தத்தைக் காதருகேதான் தடுத்தாக வேண்டும்.

சிறிய தோட்டாதானே என்று அலட்சியம் கூடாது. .22 ரைஃபிளின் வெடிப்பொலி ஏறத்தாழ 140 டெசிபெல்லை ஒட்டி வரக்கூடும். திடீர் ஒலிக்குப் பாதுகாப்பின் எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படுவதும் அதே அளவுதான். கூரை போட்ட ரேஞ்சில் (சுடுதளத்தில்) எதிரொலியும் பக்கத்து லேனின் சத்தமும் சேர்ந்துகொள்ளும். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

கடையில் எல்லோரும் முதலில் பார்ப்பது காப்பு எத்தனை டெசிபெல் சத்தத்தைக் குறைக்கும் என்று பெட்டியில் அச்சிட்ட என்.ஆர்.ஆர். எண்ணை. அது ஆய்வகத்தில் அளந்த எண் என்பதால், இயர்மஃபுக்கு (காதை மூடும் கிண்ணத்துக்கு) கால் பங்கும் நுரை இயர்பிளக்குக்கு (காதுக்குள் செருகும் அடைப்புக்கு) பாதியும் கழித்துக் கணக்கிடுமாறு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைத்தது. என் கருத்தில், எண்ணைவிடப் பொருத்தமே முக்கியம். தடித்த இயர்மஃப், கன்னத்தை ஸ்டாக்கில் (ரைஃபிளின் பின்கட்டையில்) பதிக்கும்போது, குறிப்பாகக் குப்புறப்படுத்துச் சுடுகையில், கட்டையில் இடித்து விலகும். அந்த மெல்லிய இடைவெளி வழியே சத்தம் நுழைந்துவிடும். மூக்குக்கண்ணாடியின் காம்பும் இதே கேட்டைச் செய்யும். எனவே ரைஃபிளுக்கு ஒல்லியான கிண்ணம் உடையதையே, கண்ணாடி அணிந்து, கன்னம் வைத்துப் பார்த்த பின்னர் வாங்குங்கள்.

சென்னை வெயிலில் இயர்மஃபுக்குள் வியர்வை ஊறும் என்பதால், நுரை இயர்பிளக் பலருக்கு இதமாக இருக்கும். அதை விரல்களால் இறுக உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்து, செருகியபின் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே பாதி துருத்தி நின்றால் காப்பு குறைவு. இயர்பிளக், இயர்மஃப் இரண்டையும் சேர்த்து அணிந்தால் அவற்றின் என்.ஆர்.ஆர். எண்கள் கூடிவிடா. கூடுதலாகக் கிடைப்பது 5 முதல் 10 டெசிபெல் மட்டுமே, ஆயினும் மூடிய ரேஞ்சில் அது பயனுள்ளது.

பேச்சைப் பெருக்கித் தரும் மின்னணு இயர்மஃப் பயிற்சியாளருக்கு வசதி. போட்டிக்குச் செல்வோர் அதில் பணம் போடுமுன் யோசிக்கட்டும்: சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்.-இன் விதிகள் போட்டியில் ஒலியைக் குறைக்கும் சாதனத்தை மட்டுமே அனுமதிக்கின்றன.